மின்வெட்டு நேரத்தில் வாசல் தாண்டாதவர்

பொன்னேரி நீதிமன்றத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் சாட்சி விசாரணை முடிந்து, கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. ஹனீபா பேசினார். புதுவாயல் கூட்டுச்சாலையில் உள்ள காதர் பாயின் பேரிங் கடையைப் பார்த்துக்கொள்பவர். பாயின் மனைவிக்குத் தம்பி. "சார், மச்சான் மவுத்தாயிட்டாரு" என்றார். எப்போது, எப்படி என்று கேட்டேன். தொழில் பழக்கம், துக்கச் செய்தியிலும் வரிசை தேடுகிறது. அவரும் வரிசையாகவே சொன்னார்.

"காலைல கடைச் சாவி வாங்க ஊட்டுக்குப் போனேன் சார். கரண்ட் போச்சி. வண்டிய ஆன் பண்ணிட்டுப் பக்கத்துல சேர் போட்டுக் குந்துனாரு. கொஞ்ச நேரத்துல நெஞ்சப் புடிச்சிக்கினாரு. ஆட்டோ கூட்டாறேன் மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். கரண்ட் வரட்டும், போவலாம்னாரு. எவ்ளோ சொல்லியும் கேக்கல. கரண்ட் வந்துச்சி. எழுந்து வண்டிய ஆஃப் பண்ணிட்டுத்தான் ஆட்டோல ஏறுனாரு. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் பேசிக்கினே வந்தாரு சார். உள்ள போவல."

அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் அன்று, எரிச்சல். இதை எழுதும் இப்போதும் அது முழுதாக அடங்கவில்லை. அவரை அறிந்த நீங்கள் இதைத் தவறாகக் கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன். உரிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை; அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. போகச் சொன்னபோது அவர் போகவில்லை என்பதை மட்டுமே சொல்கிறேன். ஏன் போகவில்லை என்பது அவருடைய தெருவுக்குத் தெரியும். வியாபாரிகள் சங்கத்தில் அவரை அறிந்த பலருக்கு அது முழுமையாகத் தெரியாது என்று, அடக்கத்தன்று கேட்ட பேச்சிலிருந்து எனக்குப் பட்டது. அதனால்தான் சங்க மலருக்கு இதை எழுத ஒப்புக்கொண்டேன். நான் நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கூடியவரை பிரித்தே எழுதுகிறேன்.

அப்துல் காதர் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். உறவினர் எல்லாரும் இறாலிலும் மீனிலும் முதல் போட்ட காலத்தில், இவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்குப் பேரிங்கும் பெல்ட்டும் விற்க வந்தார். என் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. ஆலைகளின் கொள்முதல் அதிகாரிகள் அவரிடம் சிரித்துக்கொண்டே அஞ்சினார்கள். ஒருமுறை ஓர் ஆலையின் வரவேற்பறையில் நானும் உடன் இருந்தேன். வெகுநேரம் காக்கவைத்த அதிகாரி வெளியே வந்ததும் பாய் சொன்னார்: "உங்க மிசின்ல பேரிங் தேயறதுக்குள்ள, இங்க நடந்து நடந்து என் செருப்பு தேஞ்சிடும் போலகீது நைனா. அதயும் பில்லுல சேத்துடட்டா?" அதிகாரி தேநீர் வரவழைத்தார். பாய் அந்தத் தேநீரையும் குறை சொன்னார்.

அவருடைய மனைவி ஜைனம்பு அம்மாவுக்கு நுரையீரல் சுருங்கும் நோய். சென்னையில் பார்த்த மருத்துவர், நாளின் பெரும்பகுதி மூக்கில் பிராணவாயு போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கென ஓர் இயந்திரம் வாங்கினார்கள். சிறிய அலமாரி உயரம். அறையின் காற்றை இழுத்து, பிராணவாயுவைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியே மூக்குக்கு அனுப்பும். மின்சாரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். மின்வெட்டு நம் பகுதியில் தினசரி வழக்கமாகிப்போன காலம் அது. அறிவித்துவிட்டு நிறுத்திய நேரம் ஒன்று. அறிவிக்காமல் நின்றுபோன நேரங்கள் வேறு. முதலாவதற்காவது ஆயத்தமாக இருக்கலாம். இரண்டாவதற்கு எப்படி ஆயத்தமாவது என்று எவரும் சொல்லவில்லை.

கையில் இருந்த வழிகள் எல்லாவற்றையும் அவர் முயன்று பார்த்தார். வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரி நிறையும் அளவுக்கு மின்சாரம் நிலைத்து இருந்ததில்லை. டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார். அதன் புகையில் அம்மாவுக்கு இருமல் கூடி, அன்றைக்கே திருப்பி அனுப்பினார். பிராணவாயு உருளை ஒன்று கட்டிலருகே நின்றது. ஆனால் அதை நிரப்பிவரச் சென்னைக்கு அனுப்பினால் எப்போது திரும்பும் என்று தெரியாது. ஆகவே அதை உயிர்போகும் அவசரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தார். மீஞ்சூரைத் தாண்டி ரயிலில் போகும்போது மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். ஒருநாள் என்னோடு வந்தவர் அவற்றைப் பார்த்தபடியே சொன்னார்: "அடுப்பு நம்மூட்டாண்ட எரியுது சார். சோறு மட்டும் வேற எங்கியோ போவுது." பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"வக்கீல் சார், சட்டத்துல இதுக்கு ஒரு வழி இருக்கும்ல?" என்று ஒரு மாலை கேட்டார். இருக்கக்கூடும் என்றேன். மருத்துவச் சான்று, இயந்திரத்தின் ரசீது எல்லாம் இணைத்து, மின்வெட்டு இல்லாமல் மருத்துவமனைக்குப் போகும் மின்தடத்தில் இந்த வீட்டையும் சேர்க்கும்படி மனு எழுதினேன். மின் அலுவலகத்துக்கு அவரோடு நானும் போனேன். அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். உட்காரச் சொன்னார், மனுவை முழுவதும் படித்தார், "உங்க கஷ்டம் புரியுது பாய். ஆனா ஒரு ஊட்டுக்காகத் தனி லைன் இழுக்க எங்களால ஆவாது" என்றார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் பாய் அந்த நகலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சீலு நல்லாத்தாங்கீது. இத மூக்காண்ட வெச்சா மூச்சு வருமா சார்?" மேல்முறையீடு செய்யலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் சாலையைக் கடந்துவிட்டிருந்தார்.

அந்தக் கார் வந்தது அதற்குச் சிறிது காலத்துக்குப் பின். தொழிற்பேட்டை ஆலை ஒன்றில் இருந்த வெளிநாட்டு அதிகாரி, பணி முடிந்து தாய்நாடு திரும்பினார். அவர் தமக்கென இறக்குமதி செய்திருந்த கார் அது. பெட்ரோல் எஞ்சினும் பெரிய பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் வகை. ஹைபிரிட் என்று பெயர். இந்தப் பக்கத்தில் அதைப் பழுது பார்க்க ஆள் இல்லை. ஆகவே வாங்கவும் ஆள் இல்லை. தம் ஊரில் புயல் அடித்து மின்சாரம் நின்றபோது, இப்படிப்பட்ட காரிலிருந்து ஒயர் இழுத்து வீட்டு விளக்கை எரித்ததாக அந்த அதிகாரி பேச்சுவாக்கில் சொன்னாராம். பாய் கேட்ட ஒரே கேள்வி: "லைட்டு எரிஞ்சா மிசினும் ஓடும்ல?" அங்கேயே பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

என்னுடைய ஐயங்களை ஒன்றொன்றாகச் சொன்னேன். பதிவு மாற்றம் முறையாக நடக்க வேண்டும். இப்படிப் பயன்படுத்தினால் காப்பீடு செல்லுமா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது வெளிவரும் புகை அடைத்த இடத்தில் ஆளைக் கொல்லும். காரை வீட்டுக்குள் நிறுத்தவே கூடாது. கோளாறு நேர்ந்தால் பொறுப்பேற்க எந்த நிறுவனமும் இல்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். அது அவருக்குப் பழக்கமில்லாத செயல். முடிந்ததும் சொன்னார்: "நீங்க சொன்னது எல்லாம் கரீட்டு சார். நாளைக்கிக் கரண்ட் போனா, இதுல எத எடுத்து மிசின்ல மாட்டறது?" புகையைப் பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டார். காரைச் சுற்றுச்சுவருக்கு உட்புறம், திறந்தவெளியில், புகைக்குழாய் தெருப்பக்கம் பார்க்கும்படி நிறுத்தினார். மற்றவற்றை என்னிடமே விட்டுவிட்டார்.

காரின் முன்பக்கச் சின்ன பேட்டரியில் தனியாக ஓர் இன்வெர்ட்டரை மாட்டி, அதிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பது என்பது ஏற்பாடு. கார் இயக்கத்தில் இருக்கும்வரை பெரிய பேட்டரி அந்தச் சின்னதை நிரப்பிக்கொண்டே இருக்கும். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், இரு முனையிலும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒரு முனையை இன்வெர்ட்டரிலும் மறுமுனையை வீட்டுச் சுவரிலிருந்த சாக்கெட்டிலும் செருகிவிட்டால் வீடு முழுவதும் விளக்கெரியும் என்றார். நம் பகுதியில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் பல வீடுகளில் இது நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். மெயின் சுவிட்சை அணைக்க ஒருமுறை மறந்தால் போதும். அந்த மின்சாரம் திரும்பித் தெருக்கம்பிக்குப் போகும். கம்பத்தில் ஒருவர் ஏறியிருந்தால் அவர் கதி என்ன? நான் அந்த ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டு, இதைச் செருகினால் இங்கிருந்து நகரமாட்டேன் என்றேன்.

"மெயின ஆஃப் பண்ண மறக்க மாட்டேன் சார்" என்றார் பாய்.

"நீங்கள் மறக்கமாட்டீர்கள். அவசரம் மறக்கவைக்கும்" என்றேன்.

"இன்னா சார், எது பண்ணாலும் பேஜாரு பண்றீங்களே. சரி, ஒயர் ஜன்னல் வழியா நேரா மிசினுக்குப் போனா சட்டம் ஒத்துக்குமா?"

"ஒத்துக்கொள்ளும்."

"அப்ப ஊட்டுல மத்தவங்களுக்கு இருட்டா?"

"இருட்டுதான்."

எலக்ட்ரீஷியனைப் பார்த்து, "கேட்டுக்கினியா நைனா? வக்கீலு பக்கத்தூட்டுல இருந்தா இதான் கெதி" என்றார். ஆனால் அப்படியே செய்தார். ஜன்னல் வழியே ஒரே ஒயர். அதில் இயந்திரம், ஒரு மேசை மின்விசிறி, வேறொன்றுமில்லை. அவரோடு நான் வாதாடி வென்ற வழக்கு அது ஒன்றே.

முதல் மின்வெட்டில் நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம். பாய் காரில் ஏறி, பிரேக்கை மிதித்தபடி பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை; ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. கார் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். வீட்டுக்குள் பிராணவாயு இயந்திரம் மட்டும் ஓடத் தொடங்கியது. வெகுநேரம் கழித்து, எவரும் தொடாமலே, எஞ்சின் தானாகக் கிளம்பியது. சற்று நேரம் ஓடிப் பேட்டரிக்குத் தேவையானதைக் கொடுத்துவிட்டு, தானாகவே நின்றது. இவ்வளவுதான் அதன் முறை. பாய் காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார். "பாத்தீங்களா சார், இதுக்கு ஒருத்தன் மனு போடத் தேவையில்ல" என்றார். அந்தக் குத்து எனக்கு என்பது எனக்குப் புரிந்தது.

செய்தி தெருவில் பரவியது. இருட்டும் நேரத்தில் மின்சாரம் போனால், எதிர்வீட்டு மேரி முதலில் வருவார். "பாய், போன் செத்துப் போச்சி. ரெண்டு கோடு மட்டும் ஏத்திக்கினு போறேன்." பிறகு இன்னொருவர், பிறகு அவருடைய மைத்துனி. "இது இன்னா காரா, சார்ஜ் கடையா? ஒரு போர்டு மாட்டிடட்டா?" என்று கத்திக்கொண்டே, காருக்குள் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் சார்ஜர் ஒன்றை அவரே வாங்கிவந்து வைத்தார். ஒருநாள் மேரி மிக்ஸியோடு வந்தார். சட்னி மட்டும் அரைத்துக்கொள்வதாகச் சொன்னார். பாய் எழுந்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். "உன் ஊட்டு சட்னிக்கி என் பொண்டாட்டி மூச்சா? அம்மில அரை, கைக்கு நல்லது." மேரி விடவில்லை: "அப்ப நாளைக்கி நாஷ்டாவுக்கு இட்லி அனுப்புவேன், சட்னி இருக்காது, பரவால்லியா?" உள்ளிருந்து ஜைனம்பு அம்மா சிரித்தார். நோய் முற்றிய பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அரிது.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மின்வெட்டு நேரத்தில் பாய் தொழுகைக்குப் போனபோது, ஹனீபாவைக் காரருகே உட்காரவைத்துவிட்டுப் போனார். "ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா குந்திக்கினு இரு" என்பதுதான் உத்தரவு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு வழக்கம்போல் தானாக நின்றது. கடையில் லாரிகளோடும் டெம்போக்களோடும் பழகிய ஹனீபாவுக்கு எஞ்சின் நின்றால் வண்டி நின்றதாகத்தான் பொருள். மறுபடி கிளப்பலாம் என்று நல்லெண்ணத்தோடு பட்டனை அழுத்தினார். ஓடிக்கொண்டிருந்த காரை அவர் அணைத்துவிட்டார். சத்தம் அப்போதும் இல்லை. இதற்கு முன்பும் இல்லை. ஆகவே வேறுபாடு அவருக்குத் தெரியவில்லை. இன்வெர்ட்டர் சின்ன பேட்டரியை மட்டும் உறிஞ்சியது, அது தீர்ந்தது, இயந்திரம் அபாய ஒலி எழுப்பி நின்றது. அந்தக் காரை எழுப்பவே அந்தச் சின்ன பேட்டரி வேண்டும் என்பதால், அதன்பின் கார் எதற்கும் அசையவில்லை.

ஹனீபாவின் குரல் கேட்டு நான் ஓடிப்போனேன். அம்மாவின் உதடுகள் நிறம் மாறியிருந்தன. உருளையின் குழாயை மாட்டினோம். அதன் அளவு முள் கீழே இருந்தது; வாயு கொஞ்சமே மிச்சம். செய்தி போய், பாய் தொழுகை முடிந்த கையோடு செருப்பில்லாமல் ஓடிவந்தார். என் காரைக் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் மாட்டி, அவருடைய காரை எழுப்பினோம். இயந்திரம் மறுபடி ஓடியபோது அவர் ஹனீபாவைப் பார்த்தார். அவர் திட்டாமல் இருந்து நான் கண்டது அந்த ஒருமுறைதான். "இனிமே இந்த வண்டியாண்ட வராத மாப்ள" என்றார், மெதுவாக. ஹனீபா சுவரோரம் நின்று அழுதார். கடையையும் வீட்டையும் தம் தோளில் சுமப்பவர். அன்று ஒரு பட்டனால் தூக்கி எறியப்பட்டார்.

அன்று முதல் காதர் பாய் மின்வெட்டு நேரத்தில் வாசலைத் தாண்டியதில்லை. இங்கேதான் என் எரிச்சல் தொடங்குகிறது. வேறொருவருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். செய்முறையை ஓர் அட்டையில் எழுதிக் காரில் ஒட்டிவையுங்கள் என்று அட்டையும் வாங்கிக்கொடுத்தேன். "எழுதி வெச்சா தெரிஞ்ச மாதிரி ஆயிடும் சார். தெரிஞ்ச மாதிரி இருக்கறவன்தான் பட்டன அமுக்குவான்" என்றார். இந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தெரியும். எங்கே என்று சுட்டிக்காட்ட முனைவதற்குள் பேச்சை மாற்றிவிடுவார். தம் தங்கை மகளின் நிக்காஹுக்குப் பழவேற்காடு போகவில்லை. கண் பரிசோதனைக்குச் சென்னை போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக்கூட மின்சாரம் இருந்தால்தான் போனார்.

அவருடைய மனு இதற்கிடையே திருவள்ளூர் நுகர்வோர் மன்றத்தில் விசாரணைக்கு வந்தது. மின் அலுவலகம் மறுத்ததை எதிர்த்து நான் தொடுத்திருந்தது. பலமுறை வாய்தா போட்டு, கடைசியாக மனுதாரர் நேரில் வந்து சாட்சியம் சொல்ல வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அறிவிக்கப்பட்ட மின்வெட்டு நேரத்துக்கு முன் திரும்பிவிடலாம் என்று உறுதி சொல்லி, என் காரில் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். புதுவாயலில் பெரியபாளையம் சாலைக்குத் திரும்பும் இடத்தில், கடைகளின் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும் ஓசை கேட்டது. அறிவிக்காத மின்வெட்டு.

"நிறுத்துங்க சார்."

"மேரி இருக்கிறார். உருளை இருக்கிறது. இன்று நீங்கள் வரவில்லை என்றால் மனு தள்ளுபடியாகும்" என்றேன்.

"ஆவட்டும்."

"பாய், இந்த மனுவே மின்சாரத்துக்காகத்தான்."

"தெரியும் சார். அந்த மனு ஜெயிச்சி லைன் வர்ற அன்னிக்கி மிசின மாட்டிக்க அவ இருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். எதிர்த்திசையில் வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். நான் தனியே போய், மனுதாரர் வர இயலாத காரணத்தை எடுத்துரைத்தேன். மின்சாரம் நின்றதால் மின்சாரம் கேட்பவர் வரவில்லை என்று நான் சொன்னபோது, அங்கிருந்தவர்கள் நான் வேடிக்கை பேசுவதாக எண்ணினார்கள். மனு தள்ளுபடியானது. சட்டப்படி அது சரியான உத்தரவு. அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது. குறை சொல்ல அதில் ஒருவரும் இல்லை. மறுபடி தாக்கல் செய்யலாம் என்று சொன்னபோது பாய், "நீங்க போடுங்க சார், உங்களுக்கும் ஒரு வேல வேணும்ல" என்றார். அன்று அவரோடு நான் பேசவில்லை. மறுநாள் அவரே வந்து, எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் பேரிங் கத்துவதாகக் குறை சொல்லி, கேட்காமலே கழற்றி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன மூன்றாம் நாள், பாத்திஹா ஓதுவதற்கு வீடு நிறைய ஆட்கள் கூடியிருந்தபோது மின்சாரம் நின்றது. அதுவரை வந்த மின்வெட்டுகளை உருளையை வைத்தே சமாளித்திருந்தோம்; அன்று அதுவும் காலி. ஓதிக்கொண்டிருந்த குரல் ஒருகணம் தடுமாறியது. உள்ளறையில் இயந்திரம் கூவத் தொடங்கியது. அத்தனை ஆண்கள் இருந்தோம். எல்லாரும் ஹனீபாவைப் பார்த்தோம். அவர் காருக்குப் பக்கத்தில் போய் நின்றார், கதவைத் திறந்தார், கையை நீட்டவில்லை. "என்னால ஆவாது சார், என் கை படாம யாராவது பண்ணுங்க" என்றார். எனக்குச் செய்முறை அரைகுறையாகத் தெரியும். அரைகுறை எவ்வளவு ஆபத்து என்பதும் தெரியும்.

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஜைனம்பு அம்மாவின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே மூச்சுக்காக நின்று நின்று வந்தது. "ஹனீபா... உள்ள குந்து. பிரேக்க நல்லா மிதி. மிதிச்சிக்கினே... பட்டன அமுக்கு. பச்ச லைட்டு வந்துச்சா?"

"வந்துச்சிக்கா."

"கால எடு. இனிமே... எஞ்சின் நின்னாலும் தொடாத. பச்ச லைட்டு இருந்தா... அது உயிரோடதாங்கீது."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. ஹனீபா இறங்காமல் ஸ்டியரிங்கில் தலை வைத்துக்கொண்டார். அவரை எழுப்பப் போனவர்களை நான் தடுத்தேன். கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியே, அத்தனை காலமும் அந்த அம்மா ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் ஒருவார்த்தை கேட்டிருந்தால், பாய் தங்கை மகளின் நிக்காஹுக்கும் போயிருக்கலாம்; அந்தக் காலையில் ஆட்டோவிலும் ஏறியிருக்கலாம். கேட்கவில்லை. படுத்திருப்பவருக்குப் பாரம் வைக்கக்கூடாது என்று நினைத்தாரோ, என்னவோ. இறந்தவர் சார்பில் நான் வாதாட முடியாது. அவர் எனக்கு எந்த அதிகாரமும் எழுதித் தரவில்லை.

இப்போது அந்தக் காரை ஹனீபா பார்த்துக்கொள்கிறார். மேரிக்கும் அவருடைய மைத்துனிக்கும் எனக்கும் அம்மாவே ஜன்னலிலிருந்து சொல்லிக்கொடுத்து, ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஹனீபா தொழுகைக்குப் போகும் நேரம் என் பொறுப்பு. அந்நேரத்தில் எனக்கு வழக்கு எதுவும் போடவேண்டாம் என்று குமாஸ்தாவிடம் சொல்லியிருக்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை ஹனீபா போன சற்றைக்கெல்லாம் மின்சாரம் நின்றது. காரை இயக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சின் நின்றிருந்தது; பச்சை விளக்கு இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வக்கீல் சார், இருக்கீங்களா?"

"இருக்கிறேன் அம்மா."

"வண்டியும் பேசல, நீங்களும் பேசல. போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன்." சற்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "அவரு இங்க குந்தினா எதையாவது திட்டிக்கினே இருப்பாரு. கரண்ட்காரன, வெயில, தெருவுல போற நாய. அது காதுல வுழுந்துக்கினே இருந்தா... ஆளு இருக்காரு, மிசின் நிக்காதுன்னு தூங்கிப்பேன்."

நான் கோப்பை மூடினேன். ஆதாரமில்லாமல் எவரையும் குற்றம் சொல்லிப் பழக்கமில்லாதவன். ஆனாலும் உரக்கத் திட்ட ஆரம்பித்தேன், முதலில் வெயிலை. அது எதிர்வழக்குத் தொடுக்காது. பிறகு அறிவிக்காத மின்வெட்டுக்கு வந்தேன். பிறகு வாய்தாக்களுக்கு, முத்திரை வைத்துத் திருப்பிக் கொடுத்த நகலுக்கு, சரியான உத்தரவுகளுக்கு, கடைசியாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்த பிடிவாதக்காரருக்கு வந்தேன். நிறையச் சொன்னேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மேரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

காதர் பாயிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்த வசவு ஒன்றுதான். நிறுத்திவிட்டுத் திரை ஓரமாகக் காதை வைத்துக் கேட்டேன். இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தூங்கிவிட்டிருந்தார்.